தலை எண்ணிக்கை சரி, மாடு சரியா?

இங்கிலாந்தில் பல இயற்கைக் காப்பகங்களில் புதர் மண்டாமல் இருக்க மாடுகளை மேயவிடுகிறார்கள். கேம்பிரிட்ஜ்ஷரில் உள்ள விக்கன் ஃபென் சதுப்பில் ஹைலேண்ட் இன மாடுகள் மேய்வதும் இதற்குத்தான். பல இடங்களில் அவற்றைத் தினமும் போய்ப் பார்த்து வருவது தன்னார்வலர்களின் வேலை.

பலரும் தலையை எண்ணுவார்கள், கணக்கு சரியாக இருந்தால் கிளம்பிவிடுவார்கள். அது போதாது. மாடு வலியை லேசில் வெளிக்காட்டாது. ஆளைக் கண்டதும் நொண்டுகிற மாடுகூட விறைத்து நிற்கும். அதனால் கிட்டே போகும் முன் தூரத்தில் நின்று பாருங்கள். கூட்டத்தை விட்டு ஒதுங்கியது எது, அசை போடாதது எது என்று அப்போதே தெரியும். அப்புறம் படுத்திருப்பதை எழுப்பி நாலடி நடக்கவிடுங்கள். இடது பக்க வயிறு உப்பித் தெறித்து நின்றால் நாளைக்குப் பார்க்கலாம் என்ற பேச்சே கூடாது, உடனே மருத்துவரைக் கூப்பிட வேண்டும்.

"பெரிய மாடுதானே, தாங்கும்" என்பது இன்னொரு தப்புக்கணக்கு. உண்ணி கடித்துப் பரவும் ரத்தமூத்திர நோயில் நிலைமை தலைகீழ். இளங்கன்றுகள் பெரும்பாலும் தப்பிவிடும். உண்ணியே இல்லாத பண்ணையிலிருந்து புதிதாக வந்த வளர்ந்த மாடுதான் படுத்துவிடும். படுத்திருந்த மாடு எழுந்ததும் பெரும்பாலும் மூத்திரம் பெய்யும். அந்த நேரத்தில் நிறத்தைப் பாருங்கள். செந்நிறமாகவோ கடுங்காப்பி போலவோ இருந்தால் சந்தேகமே வேண்டாம், அவசரம்தான்.

நல்ல எண்ணத்தில் செய்யும் தவறும் உண்டு. ராக்வொர்ட் என்ற மஞ்சள் பூச்செடி கல்லீரலைக் கெடுக்கும் என்று தெரிந்து பிடுங்குகிறார்கள், சரி. பிடுங்கியதை அங்கேயே போட்டுவிட்டு வருகிறார்களே, அதுதான் ஆபத்து. பச்சையாக இருக்கும்போது கசப்புக்குப் பயந்து மாடு அதைத் தொடாது. காய்ந்தால் கசப்பு குறைந்துவிடும், விஷம் அப்படியே இருக்கும். பாதிப்பு வெளியே தெரிய வாரங்கள், சில சமயம் மாதங்கள் ஆகும். அதற்குள் யாருக்கும் அந்தச் செடி நினைவில் இருக்காது.

எதற்கும் இருக்கட்டும் என்று மந்தை முழுவதற்கும் குடற்புழு மருந்து கொடுப்பதும் வேண்டாம். ஐவர்மெக்டின் என்ற குடற்புழு மருந்து சாணியில் வெளியேறி, சாணிவண்டுகளின் புழுக்களைக் கொல்லும். பூச்சிகளைக் காக்க ஒரு காப்பகம், அதற்குள்ளேயே இந்த வேலையா? முதலில் சாணியில் குடற்புழு முட்டைகளை எண்ணச் சொல்லுங்கள், தேவைப்படுகிற மாட்டுக்கு மட்டும் கொடுக்கலாம். சதுப்பு நிலத்தில் நத்தை மூலம் வரும் ஈரல் தட்டைப்புழுவுக்கு ஐவர்மெக்டின் வேலை செய்யாது. அதற்குப் பரிசோதனையும் தனி, மருந்தும் தனி.

கடைசியாக, "பழுப்பு மாடு ஒன்று நொண்டியது" என்று தகவல் அனுப்பாதீர்கள். ஹைலேண்ட் மந்தையில் பாதி பழுப்புதான். காதுவில்லை எண், எந்தக் கால், எந்த இடம், எத்தனை மணிக்கு என்று எழுதி, நடப்பதை ஒரு சின்ன வீடியோவாகவும் சேர்த்து அனுப்புங்கள்.