செரெங்கெட்டியில் ஒட்டகச்சிவிங்கியைக் கவனிப்பது எப்படி?

தான்சானியாவின் செரெங்கெட்டி தேசியப் பூங்காவுக்குச் செல்பவர்களில் பலர் ஒட்டகச்சிவிங்கியைக் கண்டதும் இரண்டு படம் எடுத்துக்கொண்டு சிங்கத்தைத் தேடிக் கிளம்பிவிடுகிறார்கள். வண்டியின் எஞ்சினை அணைத்துவிட்டு அரை மணி நேரமாவது ஓரிடத்தில் இருந்து பாருங்கள். அதன் கழுத்து நிற்கும் விதமே அது என்ன செய்கிறது என்பதைச் சொல்லும்.

தெற்கிலுள்ள மரமற்ற புல்வெளியில் தேடுவது வீண். செரோனேரா ஆற்றோரத்து வேலமரங்களை நோக்கிக் காலையிலேயே செல்லுங்கள். உச்சாணிக் கிளையை எட்டக் கழுத்தை மேல்நோக்கி நீட்டி மேய்வது பெரும்பாலும் ஆண். தோள் உயரத்திலோ அதற்குக் கீழோ குனிந்து மேய்வது பெரும்பாலும் பெண். உறுதிப்படுத்த விரும்பினால் பைனாகுலரில் கொம்புகளைப் பாருங்கள்: பெண்ணின் மெல்லிய கொம்பு நுனியில் கருமுடிக் குஞ்சம் இருக்கும், முதிர்ந்த ஆணுக்கு அது தேய்ந்து வழுக்கையாகியிருக்கும். சுமார் 45 செ.மீ. நீளமுள்ள கருநிற நாக்கு முட்களுக்கிடையே வளைந்து சென்று இலைகளை உருவி எடுப்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். அந்த இலைகளின் ஈரமே பெருமளவு தாகத்தைத் தீர்ப்பதால், அது நாள்கணக்கில் நீர் குடிக்காமலும் இருக்கும்.

நண்பகலில் அது சும்மா நிற்பதாக நினைத்து நகர்ந்துவிடாதீர்கள். மாட்டைப் போலவே இதுவும் அசைபோடும் விலங்கு. மென்றதை விழுங்கியபின் சில நொடிகள் தாடை ஓய்ந்திருக்க, அடுத்த கவளம் கழுத்தின் தோலுக்கடியில் உருண்டு மேலேறுவது கண்ணுக்கே தெரியும். என்னைக் கேட்டால், அங்கே காணக் கிடைக்கும் காட்சிகளில் இதற்கு இணையானது குறைவு.

கூட்டம் முழுவதும் மேய்ச்சலை நிறுத்தி, கழுத்தை நிமிர்த்தி ஒரே திசையை உற்று நோக்கினால், அத்திசையில் சிங்கம் இருக்க வாய்ப்புண்டு. இரு ஆண்கள் அருகருகே நின்று கழுத்தை வீசித் தலையால் மோதிக்கொண்டால், அது வலிமையை அளந்து பார்க்கும் போட்டி. நீர்நிலையில் மட்டும் மிகுந்த கவனம் தேவை: முன்னங்கால்களை அகல விரித்துக் கழுத்தைத் தாழ்த்தும் அந்த நேரத்தில் அதனால் சட்டென்று ஓட முடியாது என்பதால், வண்டியை நெருக்கினால் அது குடிக்காமலேயே திரும்பிவிடக்கூடும்.

இங்குள்ளவை மசாய் ஒட்டகச்சிவிங்கிகள். 2019-இல் இவை அருகிவரும் விலங்குகளாக அறிவிக்கப்பட்டன. திராட்சைக் கொடியின் இலை போல் ஓரம் கிழிந்த இவற்றின் திட்டுகள் கைரேகையைப் போல ஒன்றுக்கொன்று வேறுபடும். எனவே எப்போதும் உடலின் ஒரே பக்கத்தைப் படமெடுத்து வையுங்கள். மறுநாள் அதே மரத்தடியில் நிற்பது நேற்றுப் பார்த்ததுதானா என்பதை அந்தப் படம் காட்டிக்கொடுத்துவிடும்.