ஓவியத்துக்கு ஒளிச்சட்டம்: வீட்டிலேயே செய்யும் முறை

சுவரில் மாட்டிய ஓவியத்தின் மீது அறை விளக்கு விழும்போது, கண்ணாடியில் அந்த விளக்கின் பிம்பம்தான் முதலில் தெரிகிறது. ஓவியம் அதற்குப் பின்னால் மங்கிவிடுகிறது. விளக்கைச் சட்டத்துக்குள்ளேயே, கண்ணாடிக்குப் பின்புறம் மறைத்து வைத்துவிட்டால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும். விளக்கு கண்ணில் படக் கூடாது, அதன் ஒளி ஓவியத்தைக் கெடுக்கவும் கூடாது என்ற இரண்டையும் அளவெடுக்கும்போதே மனத்தில் கொள்ள வேண்டும்.

40 × 50 செ.மீ. ஓவியம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நான்கு புறமும் 4 செ.மீ. இடைவெளி விட்டு, உள்ளளவு 48 × 58 செ.மீ. வருமாறு 12 மி.மீ. பிளைவுட்டில் ஒரு பெட்டி செய்யுங்கள். அதன் ஆழம் 7 செ.மீ.க்குக் குறையக் கூடாது. நான் முதலில் செய்த பெட்டிக்கு 3 செ.மீ. ஆழம்தான் கொடுத்திருந்தேன், ஓரங்கள் கண்ணைக் கூச, நடுப்பகுதி இருண்டு கிடந்ததால் முழுவதையும் பிரித்து மறுபடி செய்ய நேர்ந்தது. மூலைகளை ஒட்டியதும் இரு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். இரண்டும் சமமாக இருந்தால் பெட்டி கோணவில்லை. முன்புறம் 4 செ.மீ. அகலமுள்ள மரச்சட்டத்தைப் பொருத்தினால், பலகையின் தடிமன் போக 2.8 செ.மீ. உள்நோக்கி நீண்டிருக்கும். இந்த நீட்சிக்குப் பின்னால்தான் விளக்கு மறையப் போகிறது. உட்புறத்தில் பளபளப்பில்லாத வெள்ளை வண்ணம் பூசி, வாடை முற்றிலும் அடங்கும் வரை, குறைந்தது ஒரு வாரம், திறந்தே வைத்திருங்கள்.

எல்இடி பட்டை வாங்கும்போது விலையை விட சிஆர்ஐ எண்ணைப் பாருங்கள். நிறங்களை உள்ளபடி காட்டும் திறனைச் சொல்லும் இந்த எண் 90-க்கு மேல் இருக்க வேண்டும். குறைந்தால் சிவப்பும் தோல்நிறமும் உயிரிழந்து தெரியும். ஒளியின் நிறம் 3000 முதல் 4000 கெல்வின் வரை இருக்கலாம். மீட்டருக்கு 4.8 வாட் எடுக்கும் 12 வோல்ட் பட்டை என்றால், சுற்றளவான 2.12 மீட்டருக்குச் சுமார் 10 வாட் ஆகும். 2 ஆம்பியர் அடாப்டர் சூடேறாமல் தாங்கும். பட்டையை அதில் குறியிட்ட இடங்களில் மட்டுமே வெட்டி, மூலைகளில் நேர்முனையோடு நேர்முனை சேருமாறு ஒயர் வைத்து ஈயத்தால் பற்றவையுங்கள்.

முதலில் கண்ணாடியை மரச்சட்டத்தின் பின்புறம் வைத்து, அதையொட்டி, பால்நிற மூடியுள்ள அலுமினிய மூலைச் சானலைப் பொருத்திப் பட்டையை அதனுள் ஒட்டுங்கள். அது ஒளியை 45 பாகை சாய்வில் ஓவியத்தை நோக்கித் திருப்பும். பட்டையின் வெப்பத்தையும் வாங்கிக்கொள்ளும். தூரிகைத் தடிப்பு மிகுந்த எண்ணெய் வண்ண ஓவியத்துக்கு மட்டும், நான்கு புறமும் ஒளி தராமல் மேற்புறத்தில் மட்டும் தருவது நல்லது என்பது என் கருத்து. ஒரு பக்க ஒளியில்தான் அந்தத் தடிப்பின் நிழல் விழும். ஓவியத்தை வைப்பதற்கு முன் அதன் இடத்தில் வெள்ளைத் தாளை வைத்து விளக்கேற்றினால், ஒளி எங்கே திட்டுத்திட்டாக விழுகிறது என்பது உடனே தெரியும்.

ஒளியைக் கூட்டவும் குறைக்கவும் உதவும் டிம்மர் கட்டாயம் தேவை. நீர்வண்ண ஓவியம், அச்சுப்படம், புகைப்படம் ஆகியவற்றுக்கு 50 லக்ஸ் (பரப்பின் மீது விழும் ஒளியை அளக்கும் அலகு), எண்ணெய் வண்ணத்துக்கு 200 லக்ஸ் என்பது அருங்காட்சியகங்கள் நெடுங்காலமாகப் பின்பற்றிவரும் வரம்பு. இந்தப் பட்டை முழு ஒளியில் அதை எளிதில் தாண்டிவிடும். ஒளியால் வரும் சேதம் சிறிது சிறிதாகச் சேர்வது. வெளுத்த நிறம் திரும்பாது. 1000 லக்ஸில் ஒரு மணி நேரம் வைப்பதும் 50 லக்ஸில் 20 மணி நேரம் வைப்பதும் ஏறத்தாழ ஒன்றே. ஆகவே ஆள் இல்லாத நேரத்தில் விளக்கை அணைத்துவிடுங்கள்.

ஓவியத்தைப் பசையால் ஒட்டாமல், அமிலமற்ற அட்டையில் மூலைத் தாங்கிகளுக்குள் செருகுங்கள். பின்பலகையின் மேலும் கீழும் சில துளைகள் இட்டு, பூச்சி நுழையாதபடி மெல்லிய வலையால் மூடுங்கள். அடாப்டர் பெட்டிக்கு வெளியிலேயே இருக்கட்டும். பின்பலகையை ஆணியடித்து மூடாமல் திருகாணியால் பொருத்துங்கள். என்றேனும் பட்டையை மாற்றும்போது ஓவியத்துக்கு அதிர்ச்சி படாமல் திறக்கலாம்.