ஏபிஜி தாளில் கார்பன் டை ஆக்சைடு 33: நார்மல் என்று விட்டுவிடலாமா?

ஏபிஜி என்பது தமனி ரத்தத்தின் வாயுக்களையும் அமிலத்தன்மையையும் அளக்கும் பரிசோதனை. முதலில் சாம்பிள் சரியா என்று பாருங்கள். வென்டிலேட்டர் செட்டிங்கை மாற்றியிருந்தால் 20 முதல் 30 நிமிடம் கழித்தே ரத்தம் எடுக்க வேண்டும். சிரிஞ்சில் திரவ ஹெப்பாரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) மிஞ்சி நின்றால் கார்பன் டை ஆக்சைடு, பைகார்பனேட் (அமிலத்தைச் சமன்செய்யும் காரம்), கால்சியம் மூன்றும் பொய்யாகக் குறையும்; உலர் ஹெப்பாரின் சிரிஞ்சே நல்லது. ஆர்ட்டீரியல் லைன் (தமனியில் செருகி வைத்த குழாய்) இருந்தால், குழாயில் நிற்கும் சலைன் கலக்காதபடி அதன் கொள்ளளவைப்போல் இரண்டு மூன்று மடங்கு ரத்தத்தை முதலில் இழுத்துவிடுங்கள். காற்றுக் குமிழி இருந்தால் உடனே வெளியேற்றி மூடுங்கள். பிளாஸ்டிக் சிரிஞ்ச் 30 நிமிடத்துக்குள் மெஷினுக்குப் போக வேண்டும். தாமதித்தால் ரத்த அணுக்களே ஆக்சிஜனைச் செலவழித்து லாக்டேட்டை ஏற்றிவிடும். ரேடியல் தமனியில் குத்தியிருந்தால் 5 நிமிடம் அழுத்திப் பிடியுங்கள், ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர் என்றால் இன்னும் கூடுதலாக.

இனி நார்மல் எண்கள். பிஹெச் 7.35–7.45, கார்பன் டை ஆக்சைடு 35–45 mmHg, பைகார்பனேட் 22–26 mmol/L. இவை எல்லோருக்கும் தெரிந்தவை. தவறு நடப்பது அடுத்த படியில்தான்.

நீரிழிவு கீட்டோஅசிடோசிஸில் (இன்சுலின் குறைந்து ரத்தத்தில் அமிலம் சேரும் நிலை) மூச்சு வாங்கும் ஒருவருக்கு பிஹெச் 7.10, கார்பன் டை ஆக்சைடு 33, பைகார்பனேட் 10 என்று வைத்துக்கொள்வோம். எண்கள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா? 24-ஐ 33-ஆல் பெருக்கி 10-ஆல் வகுத்தால் ஹைட்ரஜன் அயனி 79 nmol/L. அது பிஹெச் 7.10-க்குச் சரி. ஆக, தாளை நம்பலாம்.

அடுத்து அயனி இடைவெளி: சோடியத்திலிருந்து குளோரைடையும் பைகார்பனேட்டையும் கழித்தால் வருவது; நேரடியாக அளக்காத அமிலங்கள் சேர்ந்திருப்பதை இது காட்டும். சோடியம் 138, குளோரைடு 100 என்றால் இடைவெளி 28. ஆல்புமின் (ரத்தத்திலுள்ள ஒரு புரதம்) டெசிலிட்டருக்கு 2 கிராமாக இருந்தால், 4-லிருந்து குறைந்த ஒவ்வொரு கிராமுக்கும் 2.5 சேர்க்க வேண்டும். உண்மையான இடைவெளி 33. ஐசியுவில் ஆல்புமின் குறைந்தவர்களே அதிகம் என்பதால் இந்தத் திருத்தத்தை விட்டுவிடாதீர்கள்.

இப்போது வின்டர்ஸ் சூத்திரம்; அமிலம் கூடும்போது நுரையீரல் கார்பன் டை ஆக்சைடை எவ்வளவுக்கு இறக்க வேண்டும் என்று இது சொல்லும்: பைகார்பனேட்டை 1.5-ஆல் பெருக்கி 8 கூட்டுங்கள். வருவது 23, இரண்டு கூடக்குறைய இருக்கலாம். நுரையீரல் ஈடுகொடுத்திருந்தால் கார்பன் டை ஆக்சைடு 21-க்கும் 25-க்கும் நடுவே இருந்திருக்கும். தாளில் இருப்பது 33. 'நார்மலுக்குப் பக்கத்தில்தானே' என்று தோன்றும் அந்த எண், இவருக்கு மூச்சு தளர்கிறது என்று சொல்கிறது. கழுத்துத் தசைகள் இழுபடுகின்றனவா, பேச்சு ஒவ்வொரு சொல்லாக உடைகிறதா, மயக்கம் தட்டுகிறதா என்று உடனே படுக்கையருகே போய்ப் பாருங்கள்.

மூச்சுக்குழாயில் டியூப் போட்டு வென்டிலேட்டரில் இணைக்க நேர்ந்தால் ஆபத்து அங்கேதான். வழக்கம்போல் நிமிடத்துக்கு 12 மூச்சு என்று வைத்து, கார்பன் டை ஆக்சைடு 45-க்கு ஏறிவிட்டால், அதே பைகார்பனேட்டில் பிஹெச் 6.97-க்குச் சரியும், இதயம் நின்றுவிடலாம். டியூப் போடும்போது மூச்சில்லா நேரத்தை முடிந்தவரை குறையுங்கள். பிறகு மூச்சு எண்ணிக்கையை 24 முதல் 30 வரை வைத்து, காற்று முழுதாக வெளியேறுகிறதா என்று வென்டிலேட்டரின் ஃப்ளோ (காற்றோட்ட) வரைபடத்தில் கவனியுங்கள்; 20 நிமிடத்தில் மறு ஏபிஜி எடுத்து, சூத்திரம் தரும் எண்ணுக்குப் பக்கத்தில் கார்பன் டை ஆக்சைடு நிற்கிறதா என்று பாருங்கள்.