ஈஹெச்ஆர்ல நர்சிங் ஸ்டூடன்ட்ஸுக்கு எவ்ளோ கை வருதுன்னு அளக்குறது எப்படி?

நாள் பூரா போனும் கையுமா இருக்குற பிள்ளைங்க, ஈஹெச்ஆர், அதாவது நோயாளி விவரத்த கம்ப்யூட்டர்ல பதியுற எலக்ட்ரானிக் ஹெல்த் ரெக்கார்டு, தானா வந்துடும்னு நம்பி நேரா வார்டுக்கு அனுப்பிடுறோம், அங்க போய்தான் திணறுறாங்க. போஸ்டிங்குக்கு முன்னாடியே அளந்துடுங்க.

ஸ்டெப் 1: தெரியுறது வேற, பதட்டமில்லாம செய்யுறது வேற. ரெண்டையும் கூட்டி ஒரே மார்க் போட்டுடாதீங்க, அப்புறம் யாருக்கு என்ன சொல்லித்தரணும்னே புரியாது.

ஸ்டெப் 2: கேள்வித்தாள். நார்மன், ஸ்கின்னர் ரெண்டு பேரும் 2006ல வெளியிட்ட இ-ஹீல்ஸ்ங்குற ரெடிமேட் கேள்வித்தாள்ல 8 கேள்வி, ஒவ்வொன்னுக்கும் 1லேர்ந்து 5 வரை, மொத்தம் 8லேர்ந்து 40. ஆனா அது இன்டர்நெட்ல ஹெல்த் தகவல் தேடிப் புரிஞ்சுக்குறத தான் கேக்குது, சார்ட்டிங், அதாவது நோயாளி விவரத்த ரெக்கார்டுல பதியுறது பத்தி அதுல எதுவும் கிடையாது. அதனால "நோயாளிகிட்ட பேசிக்கிட்டே என்னால என்ட்ரி போட முடியும்" மாதிரி ஏழெட்டு கேள்வி நீங்களே சேருங்க. "ஸ்கிரீனைப் பாத்தாலே பதட்டமா இருக்கு"ன்னு ஒன்னு தலைகீழாவும் வைங்க, கூட்டும்போது அந்த மார்க்க 6லேர்ந்து கழிச்சுக்கணும்.

ஸ்டெப் 3: இத மட்டும் விட்டுடாதீங்க, உக்கார வெச்சு செய்யச் சொல்லுங்க. டிரெயினிங் சிஸ்டம், கற்பனை நோயாளி போதும், நிஜ ரெக்கார்டு வேண்டவே வேண்டாம். பிபி, பல்ஸ் ஏத்துறது, பெனிசிலின் அலர்ஜி பதியுறது, மருந்து குடுத்தத குறிக்கறது, தப்பு என்ட்ரிய திருத்துறது, இந்த நாலு வேலைய குடுத்துட்டு பக்கத்துல நின்னு பாருங்க. கேள்வித்தாள்ல எல்லாத்துக்கும் 5 போட்ட பிள்ளை, அலர்ஜிய அதுக்குன்னு இருக்குற கட்டத்துல போடாம நர்ஸ் நோட்ஸ்ல டைப் பண்ணிட்டு சேவ் அடிச்சிடும். படிக்குற மனுஷனுக்கு அது புரியும், ஆனா பல சிஸ்டத்துல நோட்ஸ்ல இருக்குறத வெச்சு எச்சரிக்கை வராது, டாக்டர் பெனிசிலின் வகைய சேர்ந்த அமாக்ஸிசிலின் எழுதினாலும் ஸ்கிரீன் சும்மா இருக்கும். இந்தத் தப்ப எந்தக் கேள்வித்தாளும் காட்டிக் குடுக்காது.

ஸ்டெப் 4: பேருக்கு பதிலா கோடு நம்பர் குடுங்க, இன்டர்னல் மார்க்குக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லன்னு முன்னாடியே சொல்லிடுங்க, இல்லன்னா பயத்துல எல்லாரும் 5 போட்டுடுவாங்க.

ஸ்டெப் 5: ஒவ்வொரு கோடுக்கும் தைரியம் ஒரு பக்கம், செஞ்ச வேலை ஒரு பக்கம்னு எழுதுங்க. வேலை சரியா இருந்தும் பயப்படுற பிள்ளைக்கு பக்கத்துல ஆள் இருந்து நாலு தடவை பழக்கினா போதும். தைரியம் அதிகம், வேலைல தப்பு, அந்தப் பிள்ளைங்கள தான் போஸ்டிங் ஆரம்பிக்குறதுக்கு முன்னாடி முதல்ல கூப்பிட்டு உக்கார வைக்கணும்.