பிரசவ வலிக்கு எபிடியூரல்: தாய்வீடு வந்தவுடன் கேட்டுத் தெளிய வேண்டியவை

தலைப்பிரசவத்துக்காகச் சென்னையிலிருந்தோ திருப்பூரிலிருந்தோ மதுரைப் பக்கம் தாய்வீடு வரும் பெண்ணுக்கு, அதுவரை பார்த்துவந்த மருத்துவரும் மருத்துவமனையும் சேர்ந்தே மாறிவிடுகிறார்கள். ஆகவே வளைகாப்பு முடிந்து வந்த கையோடு, பிரசவ வலியைத் தணிக்க முதுகு வழியே மருந்து செலுத்தும் முறையான எபிடியூரலைப் பற்றி, புதிய மருத்துவமனையின் முதல் பரிசோதனையிலேயே பேசிவிடுவது நல்லது. இடுப்பு வலி நெருக்கும்போது ஒப்புதல் படிவத்தை நீட்டினால், அதைப் படித்துப் புரிந்துகொண்டு கையெழுத்திடும் நிலையில் எந்தப் பெண்ணும் இருக்க மாட்டாள்.

சிசேரியனுக்கு வழக்கமாகப் போடும் ஸ்பைனல் ஊசியும் எபிடியூரலும் ஒன்றல்ல. ஸ்பைனலில் தண்டுவட நீருக்குள்ளேயே மருந்து ஒருமுறை செலுத்தப்படுகிறது. இடுப்புக்குக் கீழே சில நிமிடங்களில் முழுவதுமாக மரத்துவிடும். எபிடியூரலில் அந்த நீரைச் சூழ்ந்த உறைக்கு வெளியே உள்ள இடைவெளியில் நூல் போன்ற மெல்லிய குழாய் ஒன்று வைக்கப்படுகிறது. அதன் வழியே பியூபிவகெய்ன் போன்ற மரப்பு மருந்தைக் குறைந்த அடர்த்தியில், பெரும்பாலும் ஃபென்டனில் என்னும் வலிநிவாரணி சிறிது சேர்த்து, பிரசவம் முடியும்வரை கொடுத்துக்கொண்டே இருக்கலாம். வலி தணிந்தாலும் வயிறு இறுகுவதும் குழந்தை கீழே அழுத்துவதும் ஓரளவு தெரியும். இடையில் சிசேரியன் தேவைப்பட்டால், பெரும்பாலும் அதே குழாயில் வீரியமான மருந்தைச் செலுத்தி அறுவையை முடித்துவிட முடியும். இரத்த அழுத்தம் உயர்ந்துள்ள கர்ப்பிணிகளுக்கும், முழு மயக்கம் கொடுப்பது ஆபத்தாகக்கூடிய அளவுக்கு உடல் பருமன் உள்ளவர்களுக்கும் இது பெரிய அனுகூலம்.

மருத்துவமனையில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி கட்டணத்தைப் பற்றியது அன்று. மயக்க மருந்து நிபுணர் இரவிலும் மருத்துவமனையிலேயே இருப்பாரா, அழைத்தால்தான் வருவாரா என்பதே முதல் கேள்வி. சிறிய நர்சிங் ஹோம்கள் பலவற்றில் நிபுணர் வெளியிலிருந்து வந்து ஊசி போட்டுவிட்டு அடுத்த அறுவைக்குக் கிளம்பிவிடுவது உண்டு. எபிடியூரலின் பாதுகாப்பு, போட்ட பிறகு நடக்கும் கண்காணிப்பில்தான் இருக்கிறது. முதல் 20 நிமிடங்களுக்கு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பி.பி. பார்ப்பது யார், குழந்தையின் இதயத்துடிப்பைக் கருவியில் தொடர்ந்து கவனிப்பது யார், நள்ளிரவில் அவசர சிசேரியன் செய்ய ஆள் உண்டா என்றும் கேளுங்கள். இவற்றுக்குத் தெளிவான பதில் தர இயலாத இடத்தில் எபிடியூரலே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. மயக்க மருந்து நிபுணரின் கட்டணம் தனியாகச் சேருமா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

உங்கள் பக்கத்திலிருந்து மறைக்காமல் சொல்ல வேண்டியவையும் உண்டு. இரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் வகை ஊசி போட்டுக்கொள்பவர் கடைசியாகப் போட்ட நேரத்தைச் சொல்ல வேண்டும். அவ்வகையைச் சேர்ந்த எனாக்ஸபாரினைத் தடுப்பு அளவில் போட்டிருந்தாலே 12 மணி நேரம் கழிய வேண்டும். இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் (பிளேட்லெட்) சுமார் 70,000-க்குக் கீழே இருந்தால் பெரும்பாலான நிபுணர்கள் தயங்குவார்கள். மழைக்காலத்தில் டெங்கு வந்துபோன கர்ப்பிணி புதிய இரத்தப் பரிசோதனை முடிவைக் கையில் வைத்திருப்பது அவசியம். சிறுவயதில் வந்த மூட்டுக்காய்ச்சலால் இதய வால்வு சுருங்கியவர்கள், முதுகில் சீழ்க்கட்டி உள்ளவர்கள், முதுகெலும்பில் அறுவை செய்துகொண்டவர்கள் ஆகியோரும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

போடும் விதத்தை அறிந்திருந்தால் பயம் பாதியாகக் குறையும். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, கால்களை முக்காலியில் ஊன்றி, தோள்களைத் தளர்த்தி, தாடையை நெஞ்சோடு சேர்த்து, இடுப்புக்கு மேலுள்ள முதுகு பின்பக்கம் புடைக்கும்படி கூனி உட்காரச் சொல்வார்கள். எலும்புகளுக்கு இடையிலுள்ள சந்து அப்போதுதான் விரியும். முதலில் தோலை மரக்கச் செய்யும் ஊசி சுருக்கென்று எரியும். அதன்பின் அழுத்தம் மட்டுமே தெரியும். வலி அலை வரும்போது அசைந்துவிடாமல், "வலி வருகிறது" என்று வாயால் சொன்னால் மருத்துவர் நிறுத்திக் காத்திருப்பார். குழாய் நுழையும்போது ஒரு காலில் மின்சாரம் பாய்ந்தாற்போல் இருந்தால் எந்தக் கால் என்று சொல்லுங்கள். சோதனை மருந்து சென்றதும் காதில் இரைச்சல், நாக்கில் மரப்பு, வாயில் உலோகச் சுவை, நெஞ்சுப் படபடப்பு, கால்கள் திடீரெனக் கனத்துப்போதல் ஆகிய எதுவாயினும் உடனே சொல்ல வேண்டும். மருந்து இரத்தக்குழாய்க்குள்ளோ தண்டுவட நீருக்குள்ளோ போயிருக்கக்கூடும் என்பதற்கான அறிகுறிகள் இவை.

நிவாரணம் கிடைக்கச் சுமார் 20 நிமிடங்கள் ஆகும். பத்துப் பேரில் ஒருவருக்கு ஒரு பக்கம் மட்டும் வலி தங்கலாம். குழாயைச் சரிசெய்தோ மறுபடி போட்டோ பார்ப்பார்கள். மல்லாந்து படுக்காமல் ஒருக்களித்துப் படுங்கள். இரத்த அழுத்தம் குறைந்து தலை சுற்றலாம். நடுக்கமும் அரிப்பும் வரலாம். சிறுநீர் தானாகப் பிரியாவிட்டால் குழாய் வைப்பார்கள். வீட்டிலிருந்து வரும் சீரகக் கஷாயத்தை வடிகட்டிச் சிறிது குடிக்கலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பாலும் இட்லியும் அந்நேரத்தில் வேண்டாம்.

"ஊசி போட்டால் சுகப்பிரசவம் ஆகாது" என்று உறவுக்காரர்கள் சொல்வார்கள். எபிடியூரலால் சிசேரியன் அதிகமாவதில்லை என்பது பல ஆய்வுகளில் தெளிந்த விஷயம். முக்கும் கட்டம் சற்று நீளுவது உண்மைதான். அடர்த்தியான மருந்து கொடுத்த காலத்தில் ஆயுதம் போட்டு எடுக்கும் பிரசவங்களும் கூடின. இன்றைய குறைந்த அடர்த்தியில் அந்த வேறுபாடு பெரிதாகத் தென்படவில்லை. காலமெல்லாம் முதுகுவலி வரும் என்ற அச்சத்துக்கும் ஆதாரம் இல்லை. ஊசி போட்ட இடம் சில நாள் வலிக்கும், அவ்வளவே. பிள்ளை பெற்ற உடம்பு, குனிந்து பாலூட்டுவது, தூக்கமின்மை ஆகியவற்றால் வரும் முதுகுவலி, எபிடியூரல் போடாதவர்களுக்கும் அதே அளவில் வருகிறது.

உண்மையில் எதிர்பார்க்க வேண்டிய தொல்லை தலைவலி. நூற்றில் ஒருவருக்கு ஊசி உறையைத் துளைத்துவிடுவதால் நீர் கசிந்து, ஓரிரு நாளில் கடுமையான தலைவலி தொடங்கும். எழுந்து உட்கார்ந்தால் பிடரிவரை வலித்து, படுத்தால் தணிவது அதன் அடையாளம். பச்சை உடம்புக்காரிக்குத் தண்ணீர் கொடுக்கக் கூடாது என்று கட்டுப்படுத்தும் வீடுகளில் இது மேலும் வாட்டும். தாராளமாகத் தண்ணீர் கொடுங்கள். தைலம் தடவிக்கொண்டு நாள் கடத்தாமல் மயக்க மருந்து நிபுணரிடம் சொன்னால், மாத்திரைக்கு அடங்காத தலைவலியையும் தாயின் இரத்தத்தையே சிறிது எடுத்து அதே இடத்தில் செலுத்திக் குணப்படுத்த முடியும்.

மரப்பு நீங்கச் சில மணி நேரம் ஆகும். அதற்குள் தனியாக எழுந்து நடக்க விடாதீர்கள். வெந்நீர் ஒத்தடமும் கூடாது. சூடு தெரியாத கால் வெந்துபோகும். நிரந்தர நரம்புப் பாதிப்பு 10,000 பேரில் ஒருவருக்கும் குறைவாகவே ஏற்படுகிறது. ஆயினும் முதுகெலும்பினுள் இரத்தமோ சீழோ கட்டினால் சில மணி நேரத் தாமதமும் காலைப் பறித்துவிடும். வீடு திரும்பிய பிறகு காய்ச்சலோடு முதுகுவலி கூடினாலோ, கால் வலுவிழந்தாலோ, சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ விடியட்டும் என்று காத்திராதீர்கள். உசிலம்பட்டியிலோ பேரையூரிலோ இருந்தாலும் 108-ஐ அழைத்து, பிரசவம் பார்த்த மருத்துவமனைக்கோ கோரிப்பாளையம் அருகிலுள்ள அரசு இராஜாஜி மருத்துவமனைக்கோ உடனே செல்லுங்கள். எபிடியூரல் போட்ட நாளும் நேரமும் டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதப்பட்டிருக்கிறதா என்று வீட்டுக்குக் கிளம்பும் முன்பே பார்த்துக்கொண்டால், அங்கே இருப்பவர்களுக்கு விளக்கிக்கொண்டிருக்க நேரம் போகாது.