சுவோர்ட்ஃபிஷ்: மார்க் 2 கிட்டை மார்க் 1 ஆக மாற்றியது

1942 ஏப்ரல் 5 அன்று சீனக்குடாவிலிருந்து இரத்மலானைக்குப் பறந்த பிரித்தானிய இரட்டைச்சிறகு விமானங்களான ஆறு சுவோர்ட்ஃபிஷ்களையும் யப்பானிய சீரோ சண்டை விமானங்கள் வீழ்த்தின. அவை மார்க் 1 வகை. கையில் இருந்ததோ 1/72 அளவு மார்க் 2 பிளாஸ்டிக் மாதிரி விமானக் கிட். ரொக்கெட் ஏவ வசதியாக மார்க் 2இன் கீழ்ச்சிறகின் அடிப்பக்கம் உலோகத் தகடு; மார்க் 1இல் அது துணி. வேலை முழுக்க அங்கேதான்.

ரொக்கெட் தண்டவாளத் துளைகளைப் புட்டியால் அடைத்தால் காய்ந்ததும் குழிவிழும். கிட் பாகங்கள் ஒட்டி வரும் பிளாஸ்டிக் சட்டமான ஸ்புரூவை நெருப்பில் இளக்கி இழையாக இழுத்துத் துளையில் செருகி, திரவப் பசை தொட்டு, ஒரு நாள் விட்டு வெட்டி உரசுங்கள்.

துணிக்கு மேலாகத் தெரியும் சிறகின் விலா எலும்புகளுக்கு, அதே சிறகின் மேற்பக்க இடைவெளியைப் பென்சிலால் அடியில் குறித்து, 0.5 மி.மீ. இடைவெளி விட்டு மாஸ்கிங் டேப் ஒட்டி, பிரைமர் இரண்டு பூச்சு. டேப்பை உரித்து 1000 அரத்தாளால் தண்ணீர் தொட்டு மெதுவாகத் தேய்த்தால், விரல் தடவும்போது மட்டும் தெரியும் மேடு நிற்கும். அதற்கு மேல் தெரிந்தால் மிகை.

கிளிநொச்சி வெயிலில் மத்தியானம் ஸ்ப்ரே அடித்தபோது பெயின்ட் காற்றிலேயே காய்ந்து மணல்போல் விழுந்தது. 2000 தாளால் உரசி, தின்னர் கூட்டி, காலை ஏழு மணிக்கு முன் அடித்தேன்; சரியாக வந்தது. சோளகம் வீசும் நாளில் தொடவே வேண்டாம், செம்மண் ஒட்டும்.

சிறகுகளுக்கிடையே ஓடும் கம்பி இழைக்குத் தங்கூசி (நைலோன் நூல்) போட்டால் மாரியில் ஈரம் ஏறித் தொய்யும். இழுத்த ஸ்புரூவே நல்லது. தளர்ந்தால் கனலும் ஊதுபத்தியை அருகே கொண்டுபோங்கள், சுருங்கி விறைக்கும். தொட்டால் அறுந்துவிடும்.