வைட்டமின் சி சீரம் மஞ்சளாவதை நிறுத்திய விதம்

வீட்டில் கலக்கும் வைட்டமின் சி சீரம் சில நாட்களிலேயே மஞ்சளாகி, அப்புறம் பழுப்பாகிவிடும். எனக்கும் அதுதான் தொல்லை. எல்-அஸ்கார்பிக் அமிலம், அதாவது தூய வைட்டமின் சி, தண்ணீரில் கரைந்ததுமே ஆக்சிஜனோடு வினைபுரியத் தொடங்குகிறது. வெளிச்சமும் சூடும் அதை விரைவுபடுத்தும்.

ஆனால் பலர் கவனிக்காத எதிரி, தண்ணீரில் உள்ள இரும்பு, செம்பு அயனிகள். துளியளவு இருந்தாலே போதும், ஆக்சிஜனேற்றம் வேகம் பிடித்துவிடும். எனவே குழாய்த் தண்ணீரை விட்டுவிட்டுக் காய்ச்சி வடித்த நீருக்கு மாறினேன். கூடவே 0.1 சதவீதம் டைசோடியம் இடிடிஏ சேர்த்தேன். உலோக அயனிகளை அது கட்டிப்போட்டுவிடும். நல்ல வித்தியாசம் தெரிந்தது இதில்தான்.

அடுத்து பிஎச், அதாவது அமிலத்தன்மையின் அளவு. 3-க்கும் 3.5-க்கும் நடுவில் வைக்கிறேன். அந்த நிலையில் அமிலம் நிலையாகவும் இருக்கும், தோலுக்குள்ளும் இறங்கும். இன்னும் குறைத்தால் எரிச்சல்தான் மிஞ்சும். ஊகித்துக் கலக்க வேண்டாம், அளந்து பாருங்கள்.

15 சதவீதம் வைட்டமின் சி, 1 சதவீதம் வைட்டமின் இ, 0.5 சதவீதம் ஃபெரூலிக் அமிலம் (ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்க உதவும் பொருள்): 2005-இல் வெளியான ஆய்வு ஒன்றால் பெயர்பெற்ற இந்த விகிதத்தையே நானும் பின்பற்றுகிறேன். ஃபெரூலிக் அமிலம் தண்ணீரில் சரியாகக் கரையாது. முதலில் எத்தாக்ஸிடைகிளைக்கால் என்ற கரைப்பானில் கரைத்துக்கொள்ள வேண்டும். வைட்டமின் இ எண்ணெய்ப் பொருள் என்பதால் அதைத் தண்ணீரோடு கலக்க வைக்கும் சொலுபிலைசர் ஒன்றும் தேவை.

கொஞ்சமாகக் கலந்து, சிறிய பழுப்புக் கண்ணாடிப் புட்டியில் விளிம்புவரை நிரப்பி, ஃப்ரிட்ஜில் வைக்கிறேன். பழுப்பேறியதைக் கொட்டிவிடுங்கள். இவ்வளவு மெனக்கெட முடியாதவர்களுக்கு வைட்டமின் சி-யின் இன்னொரு வடிவமான சோடியம் அஸ்கார்பில் பாஸ்பேட் நல்ல தேர்வு. பிஎச் 7-ஐ ஒட்டி அது நிலையாக நிற்கும்.